பாசிமணியில் மரபணு நகர்வைப் பார்ப்பது எப்படி?

ஒரு மரபணுவின் வடிவங்கள் கூட்டத்தில் இருக்கும் விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை தற்செயலாக மாறுவதே மரபணு நகர்வு. ஒளி புகாத பையில் ஒரே அளவுள்ள 10 சிவப்பு, 10 வெள்ளைப் பாசிமணிகளைப் போடுங்கள். இவை ஒரு மரபணுவின் இரு வடிவங்கள். பார்க்காமல் ஒன்றை எடுத்து, நிறத்தைக் குறித்து, திரும்பப் பையில் போட்டுக் குலுக்குங்கள். 20 முறை எடுத்தால் அடுத்த தலைமுறை தயார். 13 சிவப்பு, 7 வெள்ளை வந்திருந்தால் பையையும் அப்படியே மாற்றி நிரப்பித் தொடருங்கள்.

பலர் சறுக்குவது ஒரே இடத்தில்: எடுத்த மணியைத் திரும்பப் போடுவதில்லை. போடாமல் 20 மணிகளையும் எடுத்தால் எத்தனை தலைமுறை போனாலும் 10க்கு 10தான் வரும். மணிகளின் அளவு வேறுபட்டாலும் வம்பு. விரலே தேர்வு செய்துவிடும்.

சராசரியாக 28 தலைமுறைகளில் ஒரு நிறம் அடியோடு மறையும். 10 மணிகள் மட்டும் என்றால் ஏறக்குறைய 14 போதும். சிறு கூட்டங்களில் மரபணு வகைகள் வேகமாக அழிவது இதனால்தான். ஒரே ஆட்டத்தை வைத்து 'சிவப்பு வலுவானது' என்று முடிவுகட்டாதீர்கள். பல முறை ஆடினால் ஏறத்தாழ பாதி ஆட்டங்களில் வெள்ளை நிலைக்கும்.

இயற்கைத் தேர்வைச் சேர்க்க, வெள்ளை வரும்போதெல்லாம் பகடை உருட்டுங்கள். 6 விழுந்தால் அதைக் கணக்கில் சேர்க்காமல் வேறு மணி எடுங்கள். அப்போதும் சில ஆட்டங்களில் வெள்ளையே வெல்லும்!

மணிக்குப் பதில் பானையில் போடும் இரண்டு வேலைப்பாடுகளை வைத்து, ஒவ்வொரு குயவரும் தற்செயலாகக் கண்ணில் பட்ட ஒன்றைக் காப்பியடிப்பதாகக் கொண்டால் பண்பாட்டுக்கும் இதே கணக்குதான்.