மெடிக்கெய்டு வருமான வரம்பு: கணக்கு பிசகும் இடங்கள்

குறைந்த வருமானத்தில் வாழ்வோருக்காக 1965இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் காப்பீடு மெடிக்கெய்டு. இதில் நேரும் தவறுகளில் அதிகக் கேடு விளைவிப்பது, எங்கோ கண்ட ஓர் அட்டவணையைத் தம் சம்பளத்தோடு ஒப்பிட்டு, "நமக்குக் கிடைக்காது" என்று தாமே முடிவுகட்டி, விண்ணப்பிக்காமலேயே விட்டுவிடுவதுதான். அட்டவணையில் பிழை இருப்பதில்லை. ஆனால் யாருடைய வருமானம், எந்த வருமானம், எந்த மாதத்து வருமானம் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் அதைப் படிப்பவருக்கு அது தவறான பதிலையே தரும்.

பெயரிலேயே ஒரு குழப்பம் உண்டு. கலிஃபோர்னியாவில் இது மெடி-கேல்; மாசசூசெட்ஸில் மாஸ்ஹெல்த்; நியூ ஜெர்சியில் என்.ஜே. ஃபேமிலிகேர், வாஷிங்டன் மாநிலத்தில் ஆப்பிள் ஹெல்த். தம்மிடம் ஏற்கெனவே இருப்பது மெடிக்கெய்டுதான் என்பதே தெரியாமல், அதைப் பற்றி வரும் செய்திகளை யாருக்கோ உரியவை என்று கடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு மாநிலத்தின் வரம்பை இன்னொரு மாநிலத்தில் பொருத்திப் பார்ப்பது அடுத்த தவறு. 2010ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், 19 முதல் 64 வயது வரையுள்ளவர்களுக்கு வறுமைக்கோட்டின் 138 சதவீதம் வரை மெடிக்கெய்டை விரிவாக்கியது. ஆனால் அந்த விரிவாக்கத்தை ஏற்கும்படி மாநிலங்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 40 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் அதை ஏற்றுள்ளன. டெக்சஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா, டென்னசி உள்ளிட்ட 10 மாநிலங்கள் ஏற்கவில்லை. எனவே நியூ ஜெர்சியில் தகுதி பெற்ற ஒருவர் வேலை மாறி டெக்சஸுக்குக் குடிபெயர்ந்தால், வருமானம் ஒரு டாலர்கூடக் கூடாமலேயே தகுதியை இழக்கலாம். டெக்சஸில் குழந்தையில்லாத, உடல் நலமுள்ள, நடுத்தர வயதுள்ள ஒருவருக்கு வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இத்திட்டத்தில் இடமில்லை. ஒரு மாநிலத்தில் பெற்ற காப்பீடு இன்னொரு மாநிலத்துக்குத் தானாக மாறியும் வராது. புதிய மாநிலத்தில் புதிதாகவே விண்ணப்பிக்க வேண்டும்.

இனி எண்களுக்கு வருவோம். 2025ஆம் ஆண்டில், அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான மாநிலங்களுக்கு, வறுமைக்கோடு தனிநபருக்கு 15,650 டாலர்; கூடுதலாக வரும் ஒவ்வொருவருக்கும் 5,500 டாலர் சேரும்; நால்வர் குடும்பத்துக்கு 32,150 டாலர். இதில் 138 சதவீதம் என்பது தனிநபருக்கு ஆண்டுக்கு 21,597 டாலர், அதாவது மாதம் ஏறத்தாழ 1,800 டாலர்; நால்வருக்கு ஆண்டுக்கு 44,367 டாலர். இக்கட்டுரையின் கணக்குகள் அனைத்தும் 2025ஆம் ஆண்டின் எண்களைக் கொண்டவை. வறுமைக்கோடு ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் எண்ணைப் பார்ப்பதே சரி. சட்டத்தின் எழுத்தில் இருப்பது 133 சதவீதம்; கணக்கிடும்போது மேலும் 5 சதவீதப் புள்ளிகள் கழிவு தரப்படுவதால் நடைமுறையில் அது 138 ஆகிறது. 133 என்ற எண்ணை மட்டும் கண்டுவிட்டு, சில நூறு டாலர் கூடுதலாக இருக்கிறதே என்று ஒதுங்கிவிடுபவர்கள் வீணாக இழக்கிறார்கள்.

எந்த வருமானம் என்பதில்தான் பிழைகள் மிகுதி. 65 வயதுக்குக் குறைந்த பெரும்பாலோருக்கு, 2014 முதல், வருமான வரிக் கணக்கை ஒட்டிய எம்.ஏ.ஜி.ஐ. (திருத்தியமைத்த சரிசெய்த மொத்த வருமானம்) முறையே பயன்படுகிறது. 1040 என்னும் வருமான வரிப் படிவத்தில் வரும் சரிசெய்த மொத்த வருமானத்துடன், வரியில்லா வட்டி, சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தின் வரி விதிக்கப்படாத பகுதி, வெளிநாட்டில் ஈட்டி வரிவிலக்குப் பெற்ற ஊதியம் ஆகிய மூன்றையும் கூட்டினால் அது கிடைக்கும். இதன் பொருள், சம்பளச் சீட்டின் முதல் வரியில் உள்ள மொத்தத் தொகையை அப்படியே எழுதுவது தவறு என்பதாகும்; கைக்கு வரும் தொகையை எழுதுவதும் அதே அளவு தவறு. 401-கே என்னும் அலுவலக ஓய்வுக்காலச் சேமிப்பு, அலுவலகக் காப்பீட்டுக்கான பிரீமியம் போன்று வரிக்கு முன்பே பிடிக்கப்படுபவை கழிக்கப்படும். வருமான வரிப் பிடித்தம் கழிக்கப்படாது. மாதம் 1,950 டாலர் வாங்கும் தனிநபர் ஒருவருக்கு 401-கேவுக்கு 120 டாலரும் பிரீமியத்துக்கு 60 டாலரும் பிடிக்கப்பட்டால், கணக்கில் வருவது 1,770 டாலர், வரம்புக்குள் வந்துவிடுகிறார். அலுவலகத்தில் காப்பீடு இருப்பதே மெடிக்கெய்டுக்குத் தடை என்று எண்ணுவதும் சரியன்று. இரண்டும் இருந்தால் அலுவலகக் காப்பீடு முதலில் செலுத்தும், மீதியில் மெடிக்கெய்டு சேரும்.

சொந்தத் தொழில் செய்வோர், வாடகைக் கார் ஓட்டுவோர், உணவு கொண்டு சேர்ப்போர் ஆகியோர் வரவை மட்டும் எழுதிச் செலவை மறந்துவிடுகிறார்கள். எழுத வேண்டியது நிகர லாபம். ஒருவர் மாதம் 2,800 டாலர் ஈட்டி, தொழிலுக்காக 1,800 மைல் ஓட்டியிருந்தால், 2025ஆம் ஆண்டின் மைலுக்கு 70 சென்ட் என்ற வரிக்கழிவின்படி 1,260 டாலர் கழிந்து, 1,540 டாலரே அவருடைய வருமானம். ஆனால் இதற்கு மைல் கணக்கை அன்றன்று குறித்து வைத்திருக்க வேண்டும். அலுவலர் கேட்ட பிறகு நினைவிலிருந்து எழுதும் கணக்கு நிற்காது.

சேர்க்க வேண்டாதவற்றைச் சேர்ப்பதும் உண்டு. உறவினர் அன்பளிப்பாகத் தரும் பணம், கடன், குழந்தைப் பராமரிப்புத் தொகை, வருமானம் குறைந்த முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கூட்டரசு தரும் எஸ்.எஸ்.ஐ. உதவி ஆகியவை எம்.ஏ.ஜி.ஐ.யில் வருவதில்லை. வேலையின்மைப் படி வரும். நம்மவர்கள் விட்டுவிடும் இனம் வேறொன்று: தாயகத்திலிருந்து வரும் வருமானம். வெளிநாடுவாழ் இந்தியர்கள் இந்திய வங்கியில் வைக்கும் என்.ஆர்.இ. வைப்புக்கான வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் அதை வருமானமாகவே பலர் கருதுவதில்லை. அமெரிக்க வரிச் சட்டத்தின் கண்ணில் அது வரிக்குரிய வருமானம். ஆகவே மெடிக்கெய்டு கணக்கிலும் அது உண்டு. ஊரில் உள்ள வீட்டின் வாடகையும் அப்படியே. இதை மறைப்பது, பின்னால் வரிக் கணக்கோடு ஒப்பிடப்படும்போது தகுதி இழப்போடு நில்லாமல் வேறு சிக்கல்களுக்கும் இட்டுச் செல்லும்.

எந்த மாதம் என்பது மூன்றாவது கேள்வி. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த காப்பீட்டுச் சந்தைத் தளத்தில் வாங்கும் மானியக் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் கணக்கு. மெடிக்கெய்டுக்குப் புதிதாக விண்ணப்பிக்கும்போது இப்போதைய மாத வருமானமே கணக்கு. ஆகஸ்டு வரை 60,000 டாலர் ஈட்டிவிட்டு, செப்டம்பரில் வேலையை இழந்தவர், விரிவாக்கத்தை ஏற்ற மாநிலத்தில் அக்டோபரிலேயே தகுதி பெறலாம். இப்படிப்பட்டவர்கள் நவம்பரில் வரும் சேர்க்கைக் காலத்துக்காகக் காத்திருப்பதைக் காண்கிறோம். மெடிக்கெய்டுக்குச் சேர்க்கைக் காலம் என்ற ஒன்று கிடையாது. ஆண்டின் எந்நாளிலும் விண்ணப்பிக்கலாம். மருத்துவமனைக் கட்டணம் ஏற்கெனவே வந்துவிட்டது என்று சோர்ந்துவிடவும் தேவையில்லை: பெரும்பாலான மாநிலங்களில் விண்ணப்ப மாதத்துக்கு முந்தைய 3 மாதங்களுக்கும், அப்போது தகுதி இருந்திருந்தால், பின்னோக்கிக் காப்பீடு கிடைக்கும். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி இச்சலுகை 2027 ஜனவரி முதல், விரிவாக்கத்தின் வழியே சேர்ந்த பிரிவினருக்கு 1 மாதமாகவும் மற்றவர்களுக்கு 2 மாதங்களாகவும் சுருங்குகிறது.

மாதக் கணக்கில் இன்னொரு சிறு பிழை. இரு வாரங்களுக்கு ஒருமுறை சம்பளம் வாங்குபவர் அதை இரண்டால் பெருக்கி எழுதுகிறார். ஆண்டுக்கு அப்படி 26 சம்பளங்கள் வரும். 850 டாலரை இரண்டால் பெருக்கினால் 1,700. 26ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் 1,841 டாலருக்கு மேல். வரம்பின் இரு பக்கங்களிலும் விழும் எண்கள் இவை.

யாருடைய வருமானம் என்ற கேள்விக்கு, ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே குடும்பம் என்று நாம் இயல்பாகச் சொல்லும் விடை இங்கே செல்லாது. வரிக் கணக்கில் யார் யாரைச் சார்ந்தவராகக் காட்டுகிறார் என்பதிலிருந்தே குடும்பம் தீர்மானிக்கப்படுகிறது. சேர்ந்து வாழும் கணவனும் மனைவியும் தனித்தனியே வரி தாக்கல் செய்தாலும் ஒரே குடும்பமே. கருவுற்ற பெண் தம் தகுதிக்கான கணக்கில், பிறக்கவிருக்கும் குழந்தையையும் சேர்த்தே எண்ணப்படுவார். பகுதி நேர வேலை பார்க்கும் மகளின் சிறு சம்பளம், அவர் தாக்கல் செய்யத் தேவையில்லாத அளவில் இருந்தால், பெற்றோரின் கணக்கில் சேராது.

வீட்டோடு வந்து தங்கியுள்ள பெற்றோர் விஷயம் தனியே சொல்லத்தக்கது. மகன் தம் 62 வயதுத் தாயைச் சார்ந்தவராகக் காட்டி வரி தாக்கல் செய்தால், மகனின் குடும்ப எண்ணிக்கையில் தாய் சேர்வார். ஆனால் தாய்க்காக விண்ணப்பிக்கும்போது மகனின் சம்பளம் தாயின் வருமானமாகக் கொள்ளப்படாது. மனைவியும் பிள்ளையும் அல்லாத சார்ந்தவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. இதை அறியாமல் மகனின் சம்பளத்தைக் காட்டித் தாமே ஒதுங்கிக்கொள்ளும் குடும்பங்கள் பல. அதே வேளையில் எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது: அந்தத் தாய் கிரீன் கார்டில் இருந்து, அவருக்காக ஐ-864 என்னும் பொருளாதார ஆதரவு உறுதிமொழியில் மகனே கையெழுத்திட்டிருந்தால், தாய் குடியுரிமை பெறும் வரை அல்லது 40 காலாண்டு (10 ஆண்டு) வேலைக் கணக்கு சேரும் வரை, உறுதியளித்தவர் என்ற முறையில் மகனின் வருமானம் தாயின் மேல் ஏற்றப்படலாம். அதற்கும் முன்பாக, 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி கிரீன் கார்டு பெற்ற பெரும்பாலோருக்கு 5 ஆண்டுக் காத்திருப்பு இருக்கிறது. குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் அக்காத்திருப்பைப் பல மாநிலங்கள் நீக்கியுள்ளன. எச்1-பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு, வருமானம் எதுவாயினும், பொதுவாக முழு மெடிக்கெய்டு இல்லை. 2026 அக்டோபர் 1 முதல், கிரீன் கார்டு இன்னும் பெறாத அகதிகளும் அடைக்கலம் பெற்றவர்களும் கூட்டரசின் மெடிக்கெய்டிலிருந்து பெரும்பாலும் விலக்கப்படுகிறார்கள். இலங்கையிலிருந்து வந்து அடைக்கலம் பெற்ற தமிழ்க் குடும்பங்கள் இத்தேதியைக் கருத்தில் கொண்டு குடியேற்றச் சட்டத்தரணியிடம் முன்கூட்டியே பேசுவது நல்லது.

65 வயதைத் தாண்டியவருக்கு இதுவரை சொன்ன எம்.ஏ.ஜி.ஐ. விதிகள் பெரும்பாலும் பொருந்தா. அங்கே வருமானத்தோடு சொத்தும் பார்க்கப்படும். பல மாநிலங்களில் தனிநபருக்கான சொத்து வரம்பு 2,000 டாலர்தான். குடியிருக்கும் வீடும் ஒரு காரும் பொதுவாக அதில் சேர்வதில்லை. ஊரில் உள்ள நிலமும் வைப்புத் தொகையும் கேள்விக்குள் வரும். வரம்புக்குள் வருவதற்காக வீட்டையோ பணத்தையோ பிள்ளைகள் பெயருக்கு மாற்றிவிடும் யோசனை முதியோர் இல்லப் பராமரிப்பு தேவைப்படும்போது பெரும் தீங்காக முடியும். அதற்கான விண்ணப்பத்தில் முந்தைய 60 மாதங்களின் மாற்றங்கள் ஆராயப்பட்டு, தண்டனைக் காலம் விதிக்கப்படும்.

பெற்றோரின் வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டதென்று குழந்தைகளுக்கும் விண்ணப்பிக்காமல் விடுவது மன்னிக்க முடியாத தவறு என்பேன். குழந்தைகளுக்கான வரம்பு பெரியவர்களுக்கானதைவிடப் பெரும்பாலும் மிக உயர்ந்தது. மெடிக்கெய்டில் இடம் இல்லாவிட்டாலும் சிப் என்னும் குழந்தைகள் காப்பீட்டில் இடம் இருக்கக்கூடும். 2024 முதல், ஒருமுறை சேர்ந்த குழந்தைக்கு, இடையில் பெற்றோரின் வருமானம் கூடினாலும், 12 மாதம் காப்பீடு தொடர வேண்டும் என்பது எல்லா மாநிலங்களுக்கும் விதி.

தகுதி கிடைத்த பிறகு நேரும் தவறு, கடிதங்களைப் பிரிக்காமல் வைப்பது. பெருந்தொற்றுக் காலத்தில் நிறுத்திவைக்கப்பட்டிருந்த புதுப்பித்தல் 2023 ஏப்ரலில் மீண்டும் தொடங்கியபின், 2.5 கோடிக்கும் மேற்பட்டோர் நீக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பான்மையோர் நீக்கப்பட்டதற்குக் காரணம் படிவம் திரும்ப வராதது, முகவரி மாறியது போன்ற நடைமுறைக் குறைகளே. 2026 டிசம்பர் 31 முதல் விரிவாக்கப் பிரிவினருக்குப் புதுப்பித்தல் 6 மாதத்துக்கு ஒருமுறை வரும். 2027 ஜனவரிக்குள் அதே பிரிவினர் பலர் மாதம் 80 மணி நேர வேலையோ அதற்கு ஈடான படிப்போ சேவையோ காட்ட வேண்டியிருக்கும். மாத வருமானம் 580 டாலர் இருப்பதைக் காட்டினாலும் போதும். இதுவரை மேல்வரம்பை மட்டும் பார்த்து வந்தவர்கள் இனிச் சம்பளச் சீட்டுகளைக் கீழ்வரம்புக்காகவும் சேர்த்துவைக்க வேண்டும்.

நீக்கக் கடிதம் வந்துவிட்டால் அதில் உள்ள இரண்டு தேதிகளைப் பார்க்க வேண்டும்: காப்பீடு நிற்கும் தேதி, மேல்முறையீட்டுக்கான கடைசித் தேதி. காப்பீடு நிற்கும் தேதிக்கு முன்பே விசாரணை கோரினால், முடிவு வரும்வரை காப்பீடு தொடரும்படி கேட்கலாம். தோற்றால் அந்தக் காலத்துச் செலவை மாநிலம் திருப்பிக் கேட்கக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எம்.ஏ.ஜி.ஐ. பிரிவில் படிவம் அனுப்பாததற்காக நீக்கப்பட்டவர் 90 நாளுக்குள் அந்தப் படிவத்தைச் சேர்ப்பித்தால் புதிய விண்ணப்பம் இல்லாமலேயே அதைப் பரிசீலித்தாக வேண்டும்.