யொனெஸு கென்ஷி: எந்தப் பாட்டில் தொடங்கி, எப்படிக் கூடவே பாடுவது

பாட்டுச் செயலியில் ஜப்பானியப் பாடகர் யொனெஸு கென்ஷியின் பெயரைத் தட்டி, அதிகம் கேட்கப்பட்டவை பட்டியலை மேலிருந்து கீழாக ஓடவிடாதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு பாட்டு துக்க வீடு, அடுத்தது ரம்பம் அறுக்கிற சத்தம், அதற்கடுத்தது பிள்ளைகள் கூட்டமாகப் பாடுவது. ஒரே ஆள் எழுதியவை என்றே நம்ப முடியவில்லை. மூடி வைத்துவிட்டு, பல மாதம் கழித்துத்தான் மறுபடி திறந்தேன்.

படி 1: பெயர்களைப் பிடியுங்கள்

1991இல் தொகுஷிமாவில் பிறந்தவர். ஜப்பானிய வழக்கப்படி யொனெஸு என்பது குடும்பப் பெயர். ஆங்கில எழுத்தில் தட்டினாலே கிடைத்துவிடுவார். கன்ஜியில், அதாவது ஜப்பானியர் பயன்படுத்தும் சீன எழுத்தில், நான்கு எழுத்து, முதலெழுத்து அரிசியைக் குறிப்பது. அதை மட்டும் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால் போதும்.

ஆனால் பாதிப் பாட்டுகள் அந்தப் பெயரின் கீழ் இருக்காது. 2009 முதல் நிகோ நிகோ என்ற ஜப்பானிய வீடியோ தளத்தில் ஹச்சி என்ற பெயரில், ஹட்சுனே மிகு போன்ற வோகலாய்ட் (கணினி மென்பொருள்) குரல்களைப் பாடவைத்துப் பாட்டு வெளியிட்டவர் இவர். 2010இல் வந்த ‘மத்ரியோஷ்கா’ அந்தக் காலத்துப் பெரிய வெற்றி. சொந்தப் பெயரில், சொந்தக் குரலில் முதல் ஆல்பம் போட்டது 2012இல்தான். ‘உச்சியகே ஹனபி’ டவோகோ என்ற பாடகியின் பெயரிலும், ‘பப்ரிகா’ ஃபூரின் என்ற சிறுவர் குழுவின் பெயரிலும் இருக்கும். தேடிக் கிடைக்கவில்லை என்றால் காரணம் இதுதான்.

படி 2: இந்த வரிசையில் கேளுங்கள்

முதலில் ‘லெமன்’ (2018). சந்தேக மரணங்களை ஆராயும் மருத்துவர்கள் பற்றிய ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக எழுதியது. எழுதிக்கொண்டிருந்தபோதே இவருடைய தாத்தா இறந்துபோனார். ஒப்பாரி மாதிரி கனமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன், ஆனால் தாளம் நடந்துகொண்டே இருக்கிறது. பில்போர்டு ஜப்பானின் ஆண்டுப் பட்டியலில் 2018, 2019 இரண்டு வருடமும் இதுதான் முதலிடம். வரிகளுக்கு நடுவே ‘வெ’ என்று குமட்டுவது போல ஒரு சத்தம் வரும். இயர்போன் கெட்டுவிட்டது என்று கழற்றிப் பார்க்க வேண்டாம். வேண்டுமென்றே வைத்ததுதான்.

அடுத்து ‘உச்சியகே ஹனபி’ (2017). வாணவேடிக்கை என்று பொருள். ஆண் குரலும் பெண் குரலும் மாறி மாறி வருவதால் புதியவர்களுக்கு எளிது.

அப்புறம் ‘உம தொ ஷிக’ (2019). ‘குதிரையும் மானும்’ என்று பொருள். இரண்டு கன்ஜிகளையும் ஒட்டி எழுதினால் ‘பக’, அதாவது முட்டாள். நடுவில் ஓர் ‘உம்’ போட்டு அதைப் பிரித்து வைத்திருக்கிறார்.

‘கிக் பேக்’ (2022) இதற்குப் பிறகுதான். ‘செயின்சா மேன்’ அனிமேயின் தொடக்கப் பாட்டு. அமெரிக்காவில் தங்கச் சான்று பெற்ற முதல் ஜப்பானிய மொழிப் பாடல். எனக்கு இப்போது மிகவும் பிடித்தது இதுதான், ஆனாலும் முதல் நாளே கேட்கச் சொல்ல மாட்டேன்.

படி 3: தமிழில் எழுதிக் கூடவே பாடுங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். எல்லாரும் ரோமாஜியில், அதாவது ஆங்கில எழுத்தில் இருக்கும் வரிகளைப் பார்த்துப் பாடுவார்கள். ரசிகர்கள் போடும் ரோமாஜியில் குறில் நெடில் பெரும்பாலும் தெரியாது. ஜப்பானியத்தில் அது உயிர்நாடி: ‘ஒபஸன்’ அத்தை, ‘ஒபாஸன்’ பாட்டி. நமக்குத்தான் எழுத்திலேயே குறில் நெடில் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் தமிழில் எழுதினேன். கணினி வேண்டாம், பென்சிலும் கோடு போட்ட நோட்டும் போதும். அழித்து அழித்துத்தான் எழுத வேண்டியிருக்கும்.

குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு தட்டு. பள்ளியில் படித்த மாத்திரைக் கணக்கு அப்படியே பொருந்துகிறது. பொருந்தாத இடம் மெய்யெழுத்து. நமக்கு மெய் அரை மாத்திரை. ஜப்பானியத்தில் ‘ன்’ ஒரு முழுத் தட்டு. ‘கன்டென்’ (2020) என்ற பாட்டின் பெயரையே எடுங்கள். நம் கணக்கில் மூன்று மாத்திரை. அவர்களுக்கு க, ன், டெ, ன் என்று நான்கு. தொடையில் தட்டிச் சொல்லிப் பாருங்கள், உடனே தெரியும்.

இரட்டிக்கும் மெய்யும் ஒரு தட்டு வாங்கும். என் ஒரு வாரம் போனது இதில்தான். மேலே எல்லாரையும் போல ‘உச்சியகே’ என்று எழுதியிருக்கிறேன், பார்த்தீர்களா? நோட்டிலும் அப்படியே எழுதிப் பாடினேன். மெட்டு ஒவ்வொரு முறையும் என்னைத் தாண்டி ஓடியது. உண்மையில் அது உ, சி, அ, கெ என்று நான்கே தட்டு. ‘ச்’ சேர்த்ததாலும் கடைசியை ‘கே’ என்று நெடிலாக்கியதாலும் ஆறாகிவிட்டது. சேர்க்காமல் ‘உசி’ என்று எழுதினாலோ, நம் வாய் ‘உஸி’ என்கிறது. ‘ஹனபி’ மட்டும் தானாகவே சரியாக வந்தது. நடுவில் வரும் ப-வை நாம் இயல்பாகவே மென்மையாகத்தான் சொல்கிறோம்.

வழி கிடைத்தது வீட்டிலிருந்த ஸ்லோகப் புத்தகத்தில். க, த, ப எழுத்துகளுக்குப் பக்கத்தில் பொடி எண் போட்டு ஒலியைப் பிரித்திருப்பார்களே, அதே வேலை. வல்லோசைக்கு எண் வேண்டாம், மென்மையான ஓசைக்கு 3. ‘ஷிக’ என்றால் மான். ‘ஷிக3’ என்று பாடினால் ஷிகா என்ற மாகாணமாகிவிடும். ஸ ஓசைக்கு எப்போதும் ‘ஸ’. ‘ச’ எழுதினால் ‘சொல்’லில் வருகிற மாதிரி இல்லாமல், ‘பச்சை’யில் கேட்கும் ஓசை, ஆனால் ஒற்றையாக. இப்படி ‘உசிஅகெ3’ என்று எழுதிய அன்றுதான் முதல்முறையாக மெட்டோடு சேர்ந்து முடித்தேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். பரவாயில்லை.

பிற்சேர்க்கை: இதைப் படித்த இருவர் ஒரே சிக்கலைச் சொன்னார்கள். வாக்கிய முடிவில் வரும் ‘ஆகும்’ போன்ற சொல்லை ‘தெ3ஸு’ என்று எழுதினால் பேச்சில் ‘தெ3ஸ்’ என்றுதான் கேட்கிறது, எதை எழுதுவது? நம் குற்றியலுகரம் போல அந்த உகரம் பேச்சில் தேய்ந்துவிடும். பாட்டில் அதற்கென்று ஒரு சுரம் இருந்தால் முழுசாக ஒலிக்கும். அதனால் ‘ஸு’ என்றே எழுதிவிட்டு, அந்த இடத்தில் காதை நம்புங்கள்.

இன்னொருவர் ‘பப்ரிகா’வை இவர் குரலில் கேட்க வழியுண்டா என்றார். 2020இல் வந்த ‘ஸ்ட்ரே ஷீப்’ ஆல்பத்தில் இருக்கிறது. ‘உச்சியகே ஹனபி’யைத் தனியாகப் பாடியது 2017இன் ‘பூட்லெக்’கில். இருவர் பாடியதை முதலில் பழகிக்கொண்டு அதற்குப் போங்கள், பெண் குரல் வரும் இடத்தில் மூச்சு விட்டுக்கொள்ளலாம்.