கல்கி 2898 ஏடி பாத்துட்டு மகாபாரதம் பேசுறப்ப சொதப்புற இடங்கள்

ஜூன் 2024ல நாக் அஸ்வினோட கல்கி 2898 ஏடி வந்ததுல இருந்தே ஒரு சண்டை ஓய மாட்டேங்குது. ஒரு குரூப் "இதெல்லாம் மகாபாரதத்துல எங்கய்யா இருக்கு, இஷ்டத்துக்கு மாத்திட்டாங்க"ன்னு கத்துது, இன்னொரு குரூப் படத்துல வந்ததை எல்லாம் வியாசரே எழுதிக் குடுத்த மாதிரி பேசுது. ரெண்டு பேரும் பண்ற தப்பு ஒண்ணுதான், தன் மண்டையில இருக்கறது எந்த மகாபாரதம்னு யாரும் யோசிக்கறதே இல்ல. (படம் பாக்காதவங்க இங்கயே நிறுத்திக்கோங்க, கிளைமாக்ஸ் வரைக்கும் பேசப்போறேன்.)

முதல்ல கர்ணன் மேட்டர், ஏன்னா அதிகமா அடிதடி நடக்கறது அங்கதான். கடைசியில பிரபாஸ்தான் கர்ணன்னு காட்டுனதும் தியேட்டரே அலறுச்சு, நம்ம ஊர்ல அந்த அலறலுக்குப் பின்னாடி இருக்கறது வியாசர் இல்ல, 1964ல வந்த பந்துலுவோட கர்ணன் படமும் சிவாஜியும்தான். சாகக் கிடக்கற கர்ணன்கிட்ட கண்ணன் கிழ பிராமணனா வந்து புண்ணியத்தை எல்லாம் தானமா கேக்கறாரே, அந்த சீன் வில்லிபுத்தூரார் தமிழ்ல பாடுன பாரதத்துல இருக்கு, சமஸ்கிருத மூலத்துல இல்ல. பானுமதியோட சொக்கட்டான் ஆடுறப்ப முத்து அறுந்து சிதறி, துரியோதனன் "எடுக்கவோ கோக்கவோ"ன்னு கேக்கறதும் அதே மாதிரி வில்லியோடதுதான். சூப்பர் சீன், நட்புன்னா இதுதான்னு எத்தனையோ மேடையில கேட்டிருப்போம். ஆனா அதை வச்சுகிட்டு வடநாட்டுக்காரன்கிட்ட போய் ஆர்க்யூ பண்ணா அவன் முழிப்பான், அவனுக்கு அது கேள்வியே பட்டிராத கதை.

அவன் பங்குக்கு அவன் டிவி சீரியலைத் தூக்கிட்டு வருவான். மயன் மண்டபத்துல துரியோதனன் வழுக்கி விழுந்தப்ப "குருடன் மகன் குருடு"ன்னு பாஞ்சாலி நக்கல் அடிச்சதா சொல்றதெல்லாம் அந்த ரகம். மூலத்துல பீமனும் மத்த தம்பிங்களும் சிரிக்கறாங்க, பாஞ்சாலியும் சிரிச்சான்னு துரியோதனன் பின்னால சொல்றான், ஆனா அந்த டயலாக்கே கிடையாது. சுயம்வரத்துல "சூத புத்திரனைக் கட்டிக்க மாட்டேன்"னு அவ சொன்ன வரி சில ஏடுகள்ல இருக்கு. ஆனா புனேல இருக்கற பண்டார்க்கர் நிறுவனம் நாடு பூரா இருந்த சுவடிகளை ஒப்பிட்டு 1919ல ஆரம்பிச்சு 1966ல முடிச்ச பதிப்புல அதை மூலத்துல சேர்க்கல.

சரி, கர்ணனா அர்ஜுனனா யாரு பெரிய ஆளு? இதுக்கு ஒரே ஒரு சீனை வச்சு தீர்ப்பு சொல்லாதீங்க. சித்திரசேன கந்தர்வன்கிட்ட அடி வாங்கி கர்ணன் களத்தை விட்டே ஓடுனான், விராட நாட்டுல அர்ஜுனன் தனியாளா நின்னு பீஷ்மர், துரோணர், கர்ணன், அஸ்வத்தாமன்னு மொத்த பேரையும் ஜெயிச்சான். அதே கர்ணன் குருக்ஷேத்திரத்துல தர்மர், பீமன், நகுலன், சகாதேவன் நாலு பேரையும் கொல்ற சான்ஸ் கிடைச்சும் குந்திக்கு குடுத்த வாக்குக்காக விட்டான். ரெண்டும் அதே புக்லதான் இருக்கு. ஒண்ணை மட்டும் எடுத்துப் பேசுனா அதுக்குப் பேரு ஃபேன் சண்டை.

படத்தோட உயிரே அமிதாப் பண்ண அஸ்வத்தாமன் கேரக்டர்தான், அங்க நடக்கற தப்பு வேற மாதிரி. "பாவம், அப்பாவை ஏமாத்திக் கொன்னதுக்குப் பழி வாங்குனான், அதுக்குப் போய் இவ்ளோ பெரிய சாபமா"ன்னு நிறைய பேர் இரக்கப்படுறாங்க. மகாபாரதத்துல இந்தக் கதை வர்ற சௌப்திக பர்வத்தை ஒருதடவை படிங்க, குட்டி பர்வம்தான். போர் தோத்த ராத்திரி, கிருபரும் கிருதவர்மனும் தூங்கிட்டாங்க, இவன் மட்டும் ஆலமரத்தடியில தூக்கம் வராம உக்காந்திருக்கான். மேல ஆயிரக்கணக்குல காக்கா தூங்குது, ஒரு ஆந்தை சத்தமில்லாம வந்து ஒவ்வொண்ணா கழுத்தைக் கடிச்சு ரெக்கையைப் பிச்சு கொன்னு போடுது, மரத்தைச் சுத்தி காக்கா உடம்பா கெடக்குது. இவனுக்கு ஐடியா வர்றது அங்கதான். நேரா பாசறைக்குள்ள போய் தூங்கிட்டு இருந்த, அப்பாவைக் கொன்ன திருஷ்டத்யும்னனை மிதிச்சே கொன்னு, பாஞ்சாலியோட அஞ்சு பசங்களையும் வெட்டிப் போட்டுட்டான். அதுக்கப்புறம் ஒரு புல்லை எடுத்து பிரம்மசிரசு அஸ்திரமா மாத்தி விடுறான். அர்ஜுனனும் பதிலுக்கு விடுறான், நாரதரும் வியாசரும் குறுக்க வந்ததும் அர்ஜுனன் திரும்ப எடுத்துட்டான், இவனுக்கு எடுக்கத் தெரியல, அதைக் கொண்டுபோய் பாண்டவர் வீட்டுக் கர்ப்பத்து மேல திருப்புனான். சாபம் அதுக்குத்தான்.

இங்க படம் மாத்துனது என்னன்னு சரியா சொல்லணும்னா, மூலத்துல சாபம் 3,000 வருஷம், ரத்தமும் சீழும் நாறி துணைக்கு ஆளில்லாம அலையணும், அவ்ளோதான். கல்கி பொறக்கற வரைக்கும் காத்திரு, கல்கியைச் சுமக்கற கர்ப்பத்தைக் காப்பாத்து, அதுதான் உனக்கு விமோசனம்னு சொல்றது படத்தோட கற்பனை. ஆனா "அவனுக்கு மீட்சியே கிடையாது, இது அபத்தம்"னும் சொல்லிடாதீங்க, அடுத்த மன்வந்தரத்துல (அடுத்த மனுவோட காலத்துல) சப்தரிஷிகள்ல ஒருத்தரா அஸ்வத்தாமன் இருப்பார்னு விஷ்ணு புராணமும் பாகவதமும் சொல்லுது.

வருஷக் கணக்குலயும் குழப்பிக்காதீங்க. கிமு 3102ல கலியுகம் ஆரம்பிச்சதா மரபுக் கணக்கு, படம் அதுல 6,000 வருஷத்தைக் கூட்டி 2898னு நிறுத்திருக்கு. புராணப்படி கலியுகம் 4,32,000 வருஷம், இப்ப ஓடியிருக்கறது அஞ்சாயிரத்துச் சொச்சம்தான். அதனால இதை ஜோசியமா எடுத்துட்டு பயப்பட ஒண்ணுமில்ல, நம்ம பேரன் பேத்தி எல்லாம் சேஃப்.

படத்துல மறைஞ்சு கிடக்கற ஊரா வர்ற ஷம்பாலா விஷயம் சீக்கிரம் முடிச்சிடலாம். பாகவதத்துல அது விஷ்ணுயசஸ்ங்கற பிராமணர் இருக்கற ஒரு கிராமம், அங்கதான் கல்கி பொறக்கறார். பனிமலைக்கு நடுவுல மறைஞ்சு கிடக்கற ராஜ்ஜியம்ங்கற கற்பனை திபெத்திய பௌத்தத்தோட காலசக்கர மரபுல இருந்து வந்தது, படம் ரெண்டையும் ஒண்ணா கலந்திருக்கு. கல்கியை வயித்துல சுமக்கற தீபிகா கேரக்டருக்கு சுமதின்னு பேர் வச்சது கல்கி புராணத்துல அம்மா பேர் சுமதிங்கறதால, அது கரெக்ட்டுதான். கல்கி புராணம் பிற்காலத்து உபபுராணம் (பதினெட்டு பெரிய புராணத்துல சேராதது)ங்கறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க, அதுல கல்கி சிங்களத் தீவு இளவரசி பத்மாவைக் கட்டுறார், நடுவுல தூது போறது ஒரு கிளி.

கடைசியா, எனக்கு ரொம்ப கடுப்பாகற ஒண்ணு. கமல் பண்ண வில்லன் யாஸ்கின்தான் கலியுகத்தை ஆட்டிப் படைக்கற கலின்னு அடிச்சு சொல்றது. படம் எங்கயும் அப்படி சொல்லல, அவர் அர்ஜுனனோட வில்லான காண்டீபத்தைத் தூக்குறதோட நிக்குது, மிச்சமெல்லாம் தியரி. கலியைப் பத்தி நெஜமாவே யோசிக்கணும்னா பாகவதத்தோட முதல் ஸ்கந்தத்துக்குப் போங்க. அங்க கலி ராஜா வேஷத்துல ஒரு பசுவையும் காளையையும் அடிச்சிட்டு இருக்கான், அவனை வாள் எடுத்து மிரட்டி, சூது, மது, பெண் மோகம், கொலை, தங்கம் இந்த அஞ்சு இடத்துல மட்டும் இருந்துக்கோன்னு அடக்கி வைக்கறது பரீட்சித்து. யாரு இந்த பரீட்சித்து? உத்தரையோட வயித்துல அஸ்வத்தாமன் கொல்லப் பாத்த அதே குழந்தை. அன்னிக்கு கலியை அடக்கப்போற கர்ப்பத்தை அழிக்கப் பாத்தவனையே, இன்னைக்கு கலியை முடிக்கப்போற கர்ப்பத்துக்குக் காவலா நிறுத்திருக்காங்க. படத்துல எனக்கு எத்தனையோ குறை இருக்கு, ஃபர்ஸ்ட் ஹாஃப் காமெடி எல்லாம் தாங்கல, ஆனா இந்த ஒரு முடிச்சைப் போட்டவன் புக்கைப் படிச்சிருக்கான்.