விக்கியில் பிறமொழிச் சான்றுக்கு மொழி குறிப்பது எப்படி? வன்னிக் கட்டுரைகளை வைத்து ஒரு செய்முறை

இலங்கையின் வடக்கே உள்ள வன்னியைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத உட்காருகிற எவருக்கும் ஒன்று சீக்கிரமே தெரிந்துவிடும்: எல்லாவற்றுக்கும் தமிழில் சான்று கிடைக்காது. குளத்தின் கொள்ளளவைத் தேடினால் ஆங்கில அறிக்கை வரும். அரச வர்த்தமானி அறிவித்தலைத் தேடினால் சிங்களப் பிரதிதான் முதலில் கையில் சிக்கும். பழைய வரலாறு என்றால் 1895 இல் ஜே. பி. லூயிஸ் தொகுத்த வன்னி மாவட்டக் கையேடு, அதுவும் ஆங்கிலம். அதற்கும் முன்னே போனால் ஒல்லாந்தரும் போர்த்துக்கேயரும் நிற்கிறார்கள்.

விக்கியில் பிறமொழிச் சான்றுக்குத் தடை ஒன்றும் இல்லை. ஒரே தரத்தில் தமிழ்ச் சான்று இருந்தால் அதைக் கொடுங்கள், இல்லாவிட்டால் எந்த மொழியும் சரி. ஆனால் அது என்ன மொழி என்று சொல்லிவிட வேண்டும். துணுக்காயிலிருந்து போனில் வாசிக்கிற ஒருவர், டேட்டாவைச் செலவழித்துப் பெரிய பீடிஎஃப் ஒன்றை இறக்கிய பிறகா அது சிங்களம் என்று அறிய வேண்டும்?

முதலில், மொழியை உறுதிப்படுத்துங்கள்

இது என்ன பெரிய வேலை என்று தோன்றும். உண்மையில் அதிகம் பிழைப்பது இங்கேதான். விதி ஒன்றுதான்: நீங்கள் வாசித்த பிரதி எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியைக் குறியுங்கள். எழுதியவர் எந்த நாட்டவர், மூலம் எந்த மொழி, தளம் எந்த நாட்டில் இருக்கிறது என்பதெல்லாம் வேறு கதை.

வன்னியில் ஒல்லாந்தரின் அதிகாரியாக இருந்த நாகல் 1793 இல் எழுதிய அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மில் அநேகமாக எல்லோரும் வாசிப்பது அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை. அப்படியானால் குறிக்க வேண்டிய மொழி ஆங்கிலம். மூலம் ஒல்லாந்த மொழி என்பதைக் கட்டுரையின் வாக்கியத்திலேயே சொல்லிவிடலாம். அதேபோல, நோர்வேயின் சமாதான முயற்சியை மதிப்பிட்டு அந்நாட்டின் நோராட் நிறுவனம் 2011 இல் வெளியிட்ட அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. நோர்வே அறிக்கைதானே என்று நோர்வே மொழி போட்டால் பிழை. 1803 ஒக்டோபர் 31 இல் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் தோற்கடிக்கப்பட்டதாகச் சொல்லும் கற்சிலைமடு நினைவுக்கல்லின் வாசகத்தை மேற்கோளாகக் கொடுத்தால், அந்த வாசகம் ஆங்கிலத்தில் இருப்பதால் அதற்கும் ஆங்கிலம் என்றே குறிக்க வேண்டும்.

நாடாளுமன்றப் பேச்சுகளின் அச்சுப் பதிவான ஹன்சார்ட் கொஞ்சம் சிக்கலானது. அதில் உறுப்பினர் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே பேச்சு அச்சாகும். ஆகவே ஒரே நாளின் ஹன்சார்ட்டில் மூன்று மொழியும் கலந்திருக்கும். நீங்கள் காட்டுவது வன்னி உறுப்பினர் ஒருவரின் தமிழ்ப் பேச்சை மட்டும் என்றால், பக்க எண்ணைக் கொடுத்துவிட்டுத் தமிழ் என்று வைத்துக்கொள்வதே நல்லது. விவாதம் முழுவதையும் காட்டினால் மூன்றையும் குறியுங்கள். (கிளிநொச்சிக் கட்டுரைக்காக வன்னி உறுப்பினர்களின் பேச்சைத் தேடுகிறவர்களுக்கு ஒரு சொல்: வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், முல்லைத்தீவு, வவுனியா மட்டும். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் இருக்கிறது.)

ஈழத்து நூல்களைச் சேர்த்து வைக்கும் நூலகம் தளத்தில் எடுத்த புத்தகம் என்றால் வேலை சுலபம். அந்தப் பக்கத்திலேயே மொழி போட்டிருக்கும்.

பிறகு, வார்ப்புருவில் மொழியைப் போடுங்கள்

கட்டுரையைத் தொகுக்கத் திறந்து, மேற்கோள் பொத்தானை அழுத்தி, இணைய முகவரியைக் கொடுத்தால் கருவி தானாகவே மேற்கோளை வார்ப்புரு என்கிற ஆயத்தப் படிவத்தில் உருவாக்கித் தரும். அதைத் தொகுக்கத் திறந்தால் பல பெட்டிகள் தெரியும். நமக்கு வேண்டியது லாங்குவேஜ் என்கிற பெட்டி. நேரே பக்கத்தின் மூல நிரலைத் தொகுப்பவர்கள் வார்ப்புருவுக்குள் ஒரு நிலைக்கோடு போட்டு, லாங்குவேஜ் என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் எழுதி, சமக்குறிக்குப் பின் மொழிக் குறியீட்டைப் போட வேண்டும். இங்கே எல்லாவற்றையும் வாசிக்க வசதியாகத் தமிழில் எழுதுகிறேன், தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்து.

குறியீடுகள் இரண்டெழுத்து. சிங்களத்துக்கு எஸ்-ஐ, ஆங்கிலத்துக்கு ஈ-என், தமிழுக்கு டீ-ஏ, ஒல்லாந்துக்கு என்-எல், போர்த்துக்கேயத்துக்கு பீ-டீ, நோர்வே மொழிக்கு என்-ஓ. இலங்கையை நினைத்துக்கொண்டு எஸ்-எல் என்று போட்டால் கட்டுரையில் சுலோவேனிய மொழி என்று வரும், எஸ்-என் போட்டால் ஆபிரிக்காவின் சோனா மொழி. வார்ப்புரு பிழைச்செய்தியும் காட்டாது, ஏனென்றால் அவையும் உண்மையான மொழிகள்தான்.

ஒன்றுக்கு மேற்பட்ட மொழி என்றால் இடையில் காற்புள்ளி போதும். நாட்டுக் கொடி படம் வேண்டாம். சிங்கக் கொடியைப் போட்டால் அது சிங்களமா தமிழா என்று யார் சொல்வது?

கருவி போட்டதை நம்பாதீர்கள்

தானியங்கிக் கருவி பக்கத்தை வாசித்து மொழியைக் கண்டுபிடிப்பதில்லை. தளத்தைச் செய்தவர் பக்கத்தின் தலைப்பகுதி நிரலில் என்ன மொழி என்று எழுதி வைத்தாரோ அதைத்தான் எடுத்து வருகிறது. நம் பக்கத்துச் செய்தித்தளங்கள் பலவும் ஆயத்தமாகக் கிடைக்கும் வேர்ட்பிரஸ் போன்றவற்றில் கட்டப்பட்டவை. அவற்றில் மொழி அமைப்பை யாரும் மாற்றாமல் விட்டிருந்தால் அமெரிக்க ஆங்கிலம் என்றே இருக்கும். விளைவு, முழுக்க முழுக்கத் தமிழில் இருக்கிற முள்ளியவளைச் செய்தி ஒன்றின் மேற்கோளில் ‘அமெரிக்க ஆங்கிலம்’ என்று தோன்றும். பெட்டியைத் திறந்து சரியான குறியீட்டை மாற்றிப் போடுங்கள்.

பழைய பீடிஎஃப்களில் இன்னொரு தொல்லை. பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழ் ஆவணத்தையோ எஃப்எம் அபயவில் தட்டிய சிங்கள ஆவணத்தையோ கொப்பி பண்ணி ஒட்டினால் தலைப்பு ஆங்கில எழுத்தும் குறியுமாகச் சிதறி வரும். அதை அப்படியே விட்டால் பிறகு வருகிறவர் ஆங்கிலம் என்று நினைத்து மொழியையும் மாற்றிவிடுவார். ஒருங்குறிக்கு (யுனிகோட்) மாற்றி ஒட்டுங்கள், முடியாவிட்டால் தலைப்பைத் திரும்பத் தட்டுங்கள். தலைப்புத்தானே, ஒரு வரி.

தலைப்பை என்ன செய்வது?

சிங்களத் தலைப்பை ஸ்கிரிப்ட்-டைட்டில் என்ற பெட்டியில் சிங்கள எழுத்திலேயே போடுங்கள். முன்னால் எஸ்-ஐ, அடுத்து முக்காற்புள்ளி, அதன் பின் தலைப்பு. முன்னொட்டு இருந்தால்தான் உலாவியும் திரைவாசிப்பானும் அது சிங்களம் என்று அறியும். தமிழ் அர்த்தத்தை டிரான்ஸ்-டைட்டில் பெட்டியில் எழுதினால் சதுர அடைப்புக்குள் வரும். டிரான்ஸ்-டைட்டிலை மட்டும் போட்டு மூலத்தலைப்பை விட்டால் வார்ப்புரு பிழை காட்டும்.

சிங்களத் தலைப்பைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துப் போடுகிறவர்களும் உண்டு. எனக்கு அது வீண்வேலை என்றே படுகிறது. சிங்களம் தெரிந்தவருக்கு மூல எழுத்து வேண்டும், தெரியாதவருக்கு அர்த்தம் வேண்டும். ஒலியை வைத்து இணையத்தில் தேடவும் முடியாது.

சான்றிலிருந்து ஒரு வரியை எடுத்துக் காட்டுகிறீர்கள் என்றால் மூல வரியும் தமிழாக்கமும் இரண்டுமே இருக்கட்டும். காணி, இடப்பெயர், குடியேற்றம் போன்ற பிணக்குள்ள விஷயங்களில் இதைத் தவிர்க்கவே கூடாது. கூகிள் மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி அங்கே எழுதாதீர்கள், சிங்களம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

ஆங்கில விக்கியிலிருந்து மொழிபெயர்க்கிறவர்களுக்கு

ஒவ்வொரு விக்கியும் தன் சொந்த மொழியைக் காட்டாது. ஆங்கில விக்கியில் ஆங்கிலச் சான்றுக்கு மொழி குறித்தாலும் வெளியே தெரியாது, அதனால் பெரும்பாலும் யாரும் குறிப்பதில்லை. இரணைமடுக் குளக் கட்டுரையை அங்கிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தால் அந்த மேற்கோள்கள் மொழிக் குறிப்பு இல்லாமலே வந்து சேரும், வாசிப்பவர் தமிழ் என்று எண்ணுவார். மொழிபெயர்த்து முடித்த கையோடு ஒவ்வொன்றிலும் ஈ-என் போடுங்கள். இருபது மேற்கோள் இருந்தால் அலுப்பான வேலைதான், ஆனாலும் அப்போதே செய்யாவிட்டால் பிறகு யாரும் செய்யப் போவதில்லை.

சேமிக்க முன்

முன்தோற்றத்தைப் பாருங்கள். மேற்கோள்கள் பகுதியில் தலைப்புக்குப் பக்கத்தில் பிறமொழியின் பெயர் அடைப்புக்குள் வந்திருக்க வேண்டும். பெயருக்குப் பதிலாக நீங்கள் தட்டிய எழுத்துகளே அப்படியே நின்றால் குறியீடு பிழை. வெளியிணைப்புகளில் மேற்கோள் வார்ப்புரு இல்லாமல் இணைப்பு மட்டும் கொடுத்திருந்தால், பக்கத்தில் ‘சிங்களத்தில்’ என்று கையால் எழுதினாலே போதும். விக்கிப்பீடியாவின் துணைத் தளமான விக்கித்தரவில் சான்று சேர்க்கிறவர்கள் அந்தச் சான்றின் கீழேயே பி407 என்ற பண்பைச் சேர்த்து மொழியைத் தெரிவு செய்யலாம்.

முதல் தடவை என்றால் உங்கள் பயிற்சிப் பக்கமான மணல்தொட்டியில் ஒரு சிங்கள வர்த்தமானியையும் ஒரு ஆங்கில அறிக்கையையும் வைத்துச் செய்து பாருங்கள். வார்ப்புரு ஏதாவது முரண்டு பிடித்தால் அந்த மேற்கோளை அப்படியே தமிழ் விக்கியின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் ஒட்டிக் கேளுங்கள். தெரிந்த யாராவது பார்த்துச் சொல்வார்கள்.