ஆஃப்ரோடு பம்பர் வாங்குமுன் அதன் முதுகைப் பாருங்கள்

ஆஃப்ரோடு வண்டிக்குத் தனியாக பம்பர் வாங்கப் போகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "தகடு எத்தனை எம்எம்?" கேட்க வேண்டியதுதான், ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. சேற்றில் மாட்டிய வண்டியை பம்பர் கொக்கியில் கட்டி இழுக்கிறோம். அந்த இழுவிசை கொக்கியிலிருந்து சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) வரை எதன் வழியாகப் போகிறது? அந்த வழியில் எந்த இடம் இளைத்திருக்கிறதோ அங்கேதான் பம்பர் பிய்யும். முகப்புத் தகடு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அதைக் காப்பாற்றாது.

கையில் ஒரு வெர்னியர் காலிப்பர், டார்ச், சின்னக் காந்தம் இருந்தால் போதும். விற்பவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பரவாயில்லை.

படி 1: திருப்பிப் போட்டுப் பாருங்கள்

முகப்பு விளம்பரத்துக்கு; விஷயம் எல்லாம் முதுகில். சேசிஸோடு சேரும் பிராக்கெட்டுகள் எங்கே உட்காருகின்றன, அவற்றுக்கும் கொக்கிகளுக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். கொக்கி பிராக்கெட்டுக்கு நேர் முன்னால், அதோடு ஒரே துண்டாகவோ பற்றவைத்தோ இருந்தால் நல்லது. பிராக்கெட் ஓரிடம், கொக்கி ஒரு சாண் தள்ளி வெறும் முகத்தகட்டின் மேல் என்றால், இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தகடு வளையும். பிராக்கெட் சேரும் மூலைகளில் முக்கோண முட்டுத் தகடு இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

படி 2: தடிமனை நீங்களே அளந்து பாருங்கள்

போல்ட் துளையின் விளிம்பிலோ வெட்டிய ஓரத்திலோ காலிப்பரை வையுங்கள். பெயின்ட் கனத்தைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். எஃகு பம்பர்களில் உடல் தகடு 3/16 அங்குலம், அதாவது 4.8 மி.மீ. அளவிலும், பிராக்கெட் 1/4 அங்குலம், அதாவது 6.35 மி.மீ. அளவிலும் இருப்பது நல்ல அமைப்பு. கேஜ் கணக்கில் சொன்னால் உஷார்: எண் கூடக் கூடத் தகடு மெலியும். 7 கேஜ் சுமார் 4.5 மி.மீ., 12 கேஜ் சுமார் 2.7 மி.மீ.

தட்டையான தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடியாக (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏறும். 3 மி.மீ. தகட்டை விட 5 மி.மீ. தகடு நாலரை மடங்குக்கும் மேல் விறைப்பாக நிற்கும். எடை ஒன்றே முக்கால் மடங்குகூட ஆகாது. ஆனால் தடிமன் மட்டுமே கணக்கல்ல. அட்டையை மடித்தால் நிமிர்ந்து நிற்பது போல, சரியான இடத்தில் மடித்த 4 மி.மீ. தகடு, மடிப்பே இல்லாத 5 மி.மீ. தகட்டைத் தோற்கடிக்கும். அதனால் அகலமான சமதளத்தைக் கண்டால் உள்ளே குறுக்குத் தகடு ஏதாவது கொடுத்திருக்கிறார்களா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

காந்தம் ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். அதே தடிமனில் எடை எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் பற்றவைத்த இடத்தைச் சுற்றி அலுமினியம் பலம் இழக்கும். அதனால் அதில் வெல்டிங்கை இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும்.

படி 3: வெல்டிங்கைப் படியுங்கள்

இதற்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். நல்ல வெல்டிங் ஒரே அகலத்தில், இரண்டு பக்கத் தகட்டோடும் வழுவழுப்பாகக் கலந்து ஓடும். தகட்டின் மேல் புழு ஊர்ந்ததுபோல உப்பி, ஓரம் ஒட்டாமல் நின்றால் சூடு உள்ளே இறங்கவில்லை என்று அர்த்தம். ஓரத்தில் பள்ளம் விழுந்திருந்தால் அங்கே தகடு மெலிந்துவிட்டது. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். ஊசித் துளைகள் தெரிந்தால் வேண்டவே வேண்டாம்.

அழகுக்காக வெளிப்பக்க வெல்டிங்கைச் சமமாக கிரைண்ட் செய்திருப்பார்கள். தப்பில்லை, ஆனால் தேய்த்த அளவுக்கு உலோகம் போய்விட்டது. அதை ஈடுகட்ட உள்பக்கத்திலும் பற்றவைப்பு இருக்கிறதா? அல்லது அங்கங்கே புள்ளி வைத்ததோடு நிறுத்திவிட்டார்களா? பவுடர் கோட்டிங் இதையெல்லாம் நன்றாகவே மறைக்கும். வாய்ப்பிருந்தால் பெயின்ட் அடிக்காத வெறும் பம்பரைக் காட்டச் சொல்லுங்கள். செய்பவருக்குத் தன் வேலைமேல் நம்பிக்கை இருந்தால் காட்டத் தயங்கமாட்டார்.

படி 4: கொக்கிகள்

ஷாக்கிள் (இழுக்கும் கயிற்றைக் கோக்கும் U வடிவ இரும்பு வளையம்) மாட்டும் காது, அதாவது துளையுள்ள தகடு, 19 முதல் 25 மி.மீ. தடிமனில் இருக்க வேண்டும். முகத்தகட்டின் மேல் அப்படியே ஒட்டவைத்த காதை நான் வாங்கமாட்டேன். தகட்டை ஊடுருவி உள்ளே போய், முன்னும் பின்னும் பற்றவைத்து, பிராக்கெட்டோடு சேர்ந்திருக்க வேண்டும். துளையைச் சுற்றி ஷாக்கிள் பின்னின் விட்டம் அளவுக்காவது உலோகம் மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள்.

3/4 அங்குல ஷாக்கிளின் வழக்கமான வேலைச் சுமை 4.75 டன். அது நேராக இழுத்தால் மட்டும். 45 டிகிரி பக்கவாட்டில் இழுத்தால் ஷாக்கிளின் தாங்குதிறன் 70 சதவீதம், 90 டிகிரியில் பாதி. காதும் அப்படித்தான்: நேர் இழுப்பில் கெட்டி, பக்க இழுப்பில் அடிப்பக்க வெல்டிங்தான் எல்லாவற்றையும் தாங்க வேண்டும்.

பின் பம்பரில் டிரெய்லர் இழுக்கும் குண்டு இருந்தால் அதில் கட்டி மீட்கவே கூடாது. உடைந்தால் அது பீரங்கிக் குண்டாகப் பறக்கும்; ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

படி 5: போல்ட், விஞ்ச்

போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்க வேண்டும். 10.9 என்றால் இழுவலிமை 1000 மெகாபாஸ்கல், அதில் 90 சதவீதத்தில் நிரந்தரமாக நீளத் தொடங்கும். எண்ணே இல்லாத போல்ட்டைத் தூக்கிப் போடுங்கள். நீள்துளை இருக்கும் இடத்தில் தடித்த வாஷர் கட்டாயம்.

விஞ்ச் (கம்பியைச் சுருட்டி வண்டியை இழுக்கும் மோட்டார்) மாட்டுவதாக இருந்தால், அதன் திறன் வண்டியின் மொத்த எடையில் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என்பது பொது விதி. 2.2 டன் வண்டிக்கு 3.3 டன். அந்த இழுப்பு முழுவதும் விஞ்ச் தட்டின் நான்கு போல்ட் வழியாகத்தான் போகும். அந்தத் தட்டு பிராக்கெட்டுகளோடு நேரடியாகச் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

படி 6: வண்டிக்குத் தாங்குமா?

அளவுக்கு மீறிய கெட்டியும் தொல்லைதான். கம்பெனி பம்பருக்குப் பின்னால் மோதலில் நசுங்கிக் கொடுக்கும் பகுதி இருக்கும். அதை அகற்றிவிட்டு இரும்புச் சுவர் வைத்தால் அடி நேராகச் சேசிஸுக்குப் போகும், ஏர்பேக் விரியும் நேரமும் மாறலாம். உங்கள் மாடலின் ஏர்பேக்கோடு ஒத்துப்போகும் என்று தயாரிப்பாளர் எழுத்தில் தருகிறாரா என்று கேளுங்கள். எடையையும் கேளுங்கள். முன்பக்கம் 50, 60 கிலோ ஏறினால் ஸ்பிரிங் அமுங்கும், மாற்ற வேண்டிவரலாம்.

மாட்டியபின் பம்பரின் இரு முனைகளையும் பிடித்து மேலும் கீழுமாக அழுத்துங்கள். வண்டியோடு சேர்ந்து ஆடினால் சரி, பம்பர் மட்டும் தனியாக ஆடினால் எங்கோ இளக்கம். முதல் கரடுமுரடான ஓட்டத்துக்குப் பிறகு எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) வைத்துச் சரிபாருங்கள். பிராக்கெட் மூலைகளில் பெயின்ட் மயிரிழையாக வெடித்து அதில் துரு கசிந்தால், அடியில் உலோகம் வெடித்திருக்கக்கூடும். பெயின்ட்டைச் சுரண்டிப் பார்க்கும்வரை அந்தக் கொக்கியில் எதையும் மாட்டாதீர்கள்.