மலைப்பயணத்துக்கு வண்டியும் சுமையும்

தருமபுரியிலிருந்து வத்தல்மலைக்கோ, தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் வழியாக ஏற்காட்டுக்கோ மோட்டார் சைக்கிளில் செல்ல எண்ணுவோர், எஞ்சினின் சி.சி. அளவைவிட, இருக்கையில் அமர்ந்தபடி இரு பாதங்களும் தரையில் நன்றாகப் பதிகின்றனவா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றுவிட்டால் கைகொடுப்பது அதுதான்.

பின்புறக் கேரியரில் சுமையை உயரமாக அடுக்கினால், ஏற்றத்தில் முன்சக்கரத்தின் பிடி தளர்ந்து ஹேண்டில்பார் ஆட்டம் காணும். ஆகவே ஸ்பேனர், தண்ணீர் போன்ற கனமானவற்றை இருபுறத் தொங்குபைகளின் அடியில் சம எடையாகப் பிரித்து வைத்து, துணிகளையும் மழைக்கோட்டையும் மேலே வைப்பது நல்லது. பையின் வார் சைலன்சரில் பட்டு உருகியதை ஒருமுறை பாதி மலையில்தான் கவனித்தேன். டயர் குளிர்ந்திருக்கும்போதே, இருவர் செல்வதற்கெனக் கையேட்டில் குறித்துள்ள அளவுக்குக் காற்றடித்துக்கொள்ளவும்.