நானோவெள்ளி ஆன்டிபயாடிக் எதிர்ப்பைப் பரப்புகிறதா? ஆய்வகத்தில் அளந்து பார்க்கும் முறை

நானோ அலுமினா (அலுமினிய ஆக்சைடின் மிக நுண்ணிய துகள்கள்) கலந்த நீரில் எ.கோலை பாக்டீரியாவிலிருந்து சால்மொனெல்லா பாக்டீரியாவுக்கு எதிர்ப்பு மரபணுக்களைச் சுமக்கும் பிளாஸ்மிட் (குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் சிறு வளைய டிஎன்ஏ) கடந்து செல்லும் விகிதம் 200 மடங்கு வரை உயர்ந்ததாகச் சீன ஆய்வாளர்கள் 2012-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியிட்டனர். அதன்பின் வெள்ளி, தாமிர ஆக்சைடு போன்றவற்றின் நானோதுகள்களும் இவ்வாறே சோதிக்கப்பட்டுள்ளன. முதுகலை நுண்ணுயிரியல் மாணவர் ஒருவர் நானோவெள்ளியை வைத்து இச்சோதனையைச் செய்யப் புகும்போது எங்கே ஏமாறக்கூடும் என்பதை முன்வைத்தே இவ்வழிமுறையை எழுதுகிறேன்.

நோய்க்கிருமிகள் இதற்குத் தேவையில்லை; பாதிப்பில்லாத எ.கோலை கே-12 வகைகள் இரண்டு போதும். ஒன்று பிளாஸ்மிட்டைக் கொடுப்பது, மற்றது பெறுவது. கொடுக்கும் வகையிடம் ஆர்பி4 என்ற பிளாஸ்மிட் இருக்க வேண்டும். அது ஆம்பிசிலின், கானமைசின், டெட்ராசைக்ளின் மூன்றுக்கும் எதிர்ப்புத் தருவது. பெறும் வகை தன் குரோமோசோமிலேயே நாலிடிக்சிக் அமில எதிர்ப்பைக் கொண்டிருக்கட்டும். கொடுக்கும் வகை அந்த அமிலத்துக்கு அடங்கிப்போவதால், அது கலந்த வளர்ப்புத் தட்டில் செல்களைப் பரப்பிய பிறகும் தொடரக்கூடிய பிளாஸ்மிட் பரிமாற்றத்தை அவ்வமிலம் பெருமளவு தடுத்துவிடும் என்பதே இத்தேர்வின் காரணம்.

அடுத்தது துகள்களைத் தயார்செய்வது. இதில்தான் பலரும் பிழை செய்கிறார்கள். காய்ச்சி வடித்த நீரில் இளமஞ்சளாகத் தெளிந்து நிற்கும் நானோவெள்ளிக் கரைசலில், நாம் வழக்கமாகச் செல்களைக் கழுவும் பாஸ்பேட் உப்புக் கரைசலைச் சிறிது விட்டுப் பாருங்கள். மேற்பூச்சு வலுவாக இல்லாத துகள்களாயின் மஞ்சள் மங்கிச் சாம்பல் நிறம் படரும். சற்று நேரத்தில் அடியில் வண்டல் தங்கும். உப்பின் அயனிகள் துகள்களின் மின்னூட்டத்தை மறைப்பதால் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. கரைந்திருந்த வெள்ளி அயனிகளோ குளோரைடுடன் சேர்ந்து வீழ்படிவாகின்றன. அதன்பின் நீங்கள் சோதிப்பது நானோதுகளையே அல்ல. ஆகவே குளோரைடு இல்லாத, உப்புச்செறிவு குறைந்த ஊடகத்தைத் தேர்ந்து, துகள் அளவைச் சோதனையின் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து குறித்துவையுங்கள்.

இரு வகைகளுக்கும் வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த வெள்ளிச் செறிவை முதலில் கண்டறியுங்கள். அதில் நூறில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை ஐந்தாறு செறிவுகள் போதும். அதற்கு மேல் போனால் செல்கள் மடிந்து பரிமாற்றமும் குறைந்துவிடும். கழுவிய செல்களைச் சம அளவில், மில்லிலிட்டருக்குச் சுமார் பத்துக் கோடி வீதம் கலந்து, துகள் சேர்த்துச் சில மணி நேரம் வைத்திருங்கள். பின்னர் செல்களை மென்மையாகச் சுழற்றிக் கழுவி, துகள் தட்டுக்குப் போகாமல் தடுத்து, படிப்படியாக நீர்த்துப் பரப்புங்கள். நாலிடிக்சிக் அமிலம் மட்டும் உள்ள தட்டு பெறும் செல்களின் மொத்தத்தைக் காட்டும். அதனுடன் டெட்ராசைக்ளினும் சேர்ந்த தட்டில் பிளாஸ்மிட்டைப் பெற்றவை மட்டுமே வளரும். ஆம்பிசிலினை இங்கே பயன்படுத்தாதீர்கள். எதிர்ப்புள்ள காலனி அதைச் சிதைத்துவிடுவதால் சுற்றிலும் எதிர்ப்பில்லாத சிறு காலனிகள் முளைத்து எண்ணிக்கையைக் கெடுக்கும்.

பெற்றவற்றை மொத்தத்தால் வகுத்துப் பரிமாற்ற விகிதத்தைச் சொல்வது வழக்கம். ஆனால் அந்த ஒற்றை எண்ணை நம்ப வேண்டாம். துகள் இல்லாத குழாயில் பெறும் செல்கள் பத்துக் கோடி, பிளாஸ்மிட் பெற்றவை ஆயிரம் என்றும், துகள் உள்ள குழாயில் மொத்தம் ஒரு கோடியாகக் குறைந்து பெற்றவை அதே ஆயிரமாகவே இருந்தன என்றும் கொள்வோம். விகிதம் பத்து மடங்கு உயர்ந்துவிட்டது. புதிதாக ஒரு செல்கூடக் கூடுதலாக எதிர்ப்பைப் பெற்றதற்கு இது சான்றாகாது. எனவே இரு எண்ணிக்கைகளையும் தனித்தனியாக வெளியிடுவது கட்டாயம் என்றே கருதுகிறேன்.

ஒப்பீட்டுக் குழாய்களில் கைவைத்துச் சிக்கனம் பார்க்கக் கூடாது. கொடுக்கும் வகையையும் பெறும் வகையையும் தனித்தனியாக இரு மருந்துகளும் சேர்ந்த தட்டில் பரப்பினால், தானாகத் தோன்றிய திரிபுகள் எத்தனை என்பது தெரியும். நானோதுகளிலிருந்து கரைந்த வெள்ளியை நுண்வடிகட்டியால் பிரித்து அளந்து, அதே அளவு வெள்ளி நைட்ரேட்டுடன் இன்னொரு குழாய் வையுங்கள். அதிலும் அதே உயர்வு தெரிந்தால் காரணம் அயனிதான். சந்தேகமான காலனிகளில் பிளாஸ்மிட்டைப் பிரித்தோ பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் முறை) மூலமோ உறுதிசெய்யுங்கள்.

உயர்வு உண்மையென்று தெரிந்த பிறகே காரணத்தைத் தேட வேண்டும். செல்லுக்குள் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுவது, சவ்வு கசிவது, டிஎன்ஏ சேதத்துக்கான எஸ்ஓஎஸ் துலங்கல் தூண்டப்படுவது ஆகியன பெரும்பாலும் முன்வைக்கப்படும் விளக்கங்கள். ஆக்சிஜன் மூலக்கூறுகளை அடக்கத் தயோயூரியா சேர்ப்பது வழக்கமே. ஆனால் அது வெள்ளியையும் பிணைத்துக்கொள்வதால், விகிதம் குறைந்தது எதனால் என்று அதைக் கொண்டு மட்டும் தீர்ப்புச் சொல்ல இயலாது.

இச்சோதனை மரபணு கடப்பதை மட்டுமே அளக்கிறது. வெள்ளி எதிர்ப்பும் ஆன்டிபயாடிக் எதிர்ப்பும் ஒரே பிளாஸ்மிட்டில் இருந்தால் வெள்ளியே அந்த பாக்டீரியாவைத் தேர்ந்து வளர்த்துவிடும்; அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைத் தீக்காயப் பிரிவில் கண்டு 1975-இல் வெளியிடப்பட்ட சால்மொனெல்லா அத்தகையது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

முடிந்ததும் குழாய்களையும் தட்டுகளையும் ஆட்டோகிளேவ் (உயர் அழுத்த நீராவியால் கிருமிநீக்கம்) செய்யுங்கள். வெப்பத்தில் செல்கள் சாகும், வெள்ளி அப்படியே இருக்கும். ஆகவே அத்திரவத்தைத் தொட்டியில் ஊற்றாமல், கன உலோகக் கழிவுக்கான கலனில் பெயரும் தேதியும் எழுதிச் சேர்த்துவையுங்கள்.